எருப்பொறிக்கு ஏற்ற உணவு

ஊர்ப்புறத்து வீடுகளில் கொல்லைக் கோடியில் எருக்குழி ஒன்று இருத்தல் பழைய வழக்கம். அடுக்களைக் கழிவும், முற்றம் பெருக்கிய சருகும், தொழுவத்துச் சாணமும், அடுப்புச் சாம்பலும் நாள்தோறும் அக்குழியைச் சென்று சேரும். உரிய காலத்தில் குழியை அகழ்ந்து, கரிய எருவை வண்டியில் ஏற்றி வயலுக்குக் கொண்டு செல்வர். எதனை இடலாம், எதனை இடலாகாது என்று ஆராயும் தேவை அக்காலத்து இல்லத்தாருக்குப் பெரும்பாலும் இருந்ததில்லை. கடையிலிருந்து வந்த பண்டம் இலையிலோ, ஓலைப் பெட்டியிலோ, துணிப்பையிலோ வந்தது. பூ வாழைநாரில் தொடுக்கப்பட்டது. விருந்து வாழையிலையில் உண்ணப்பட்டது. வீட்டினுள் வந்த பொருள்களுள் மட்காதவை மிகச் சிலவே. ஆதலின், வெளியே சென்ற கழிவும் மண்ணோடு மண்ணாகியது.

இன்றைய நகரத்து இல்லத்தின் நிலை வேறு. அங்கே கொல்லையும் இல்லை, குழியும் இல்லை, மாடும் இல்லை. அடுக்குமாடியின் நான்காம் தளத்தில் வாழ்வோருக்கு மண் என்பது பூந்தொட்டியில் மட்டுமே உண்டு. ஆயினும் அடுக்களைக் கழிவு குறையவில்லை. நால்வர் வாழும் இல்லத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிலோகிராம் கழிவு சேர்கின்றது. இக்கழிவை வீட்டிலேயே எருவாக்குவதற்கெனப் பலவகைப் பொறிகள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. இவற்றை எருப்பொறி எனலாம்.

இல்லந்தோறும் எருவாக்குவதால் விளையும் நன்மை சிறிதன்று. சென்னை மாநகரில் ஒவ்வொரு நாளும் சேரும் குப்பை 5,000 டன்னுக்கும் மேற்பட்டது. வடக்கே கொடுங்கையூரிலும் தெற்கே பெருங்குடியிலும் பல பத்தாண்டுகளாக அக்குப்பை கொட்டப்பட்டு வந்தது. ‘குப்பை உயரும், கோபுரம் தாழும்’ என்பது பழமொழி. அங்கே குப்பை உண்மையிலேயே மலைபோல் உயர்ந்தது. ஈரமான அடுக்களைக் கழிவு அத்தகைய மலையின் அடியில் புதையும்போது அதற்குக் காற்றுக் கிடைப்பதில்லை. காற்றின்றி அழுகும் பொருளிலிருந்து மீதேன் என்னும் வாயு வெளிப்படுகின்றது. அஃது எளிதில் தீப்பற்றும் இயல்புடையது. வளிமண்டலத்தில் வெப்பத்தைத் தேக்கி வைப்பதில், நூறாண்டுக் கணக்கில், கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கும் மேலான ஆற்றலுடையது. 2022-ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் பெருங்குடிக் குப்பைமேட்டில் மூண்ட தீ, உடனே அணைக்க இயலாதவாறு பரவிச் சுற்றுப்புறத்தாரைப் புகையால் வாட்டியது. அம்மேடு அமைந்ததோ, வலசை வரும் பறவைகளுக்குப் புகலிடமாகிய பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில்! அதே 2022-ஆம் ஆண்டில் அச்சதுப்பு நிலம், உலகச் சிறப்பு வாய்ந்த ஈரநிலங்களுள் ஒன்றாக ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

ஆகவே, ஓர் இல்லத்தின் கழிவு அவ்வில்லத்திலேயே எருவாகுமாயின், அந்த அளவிற்கு ஊரின் சுமை குறைகின்றது, செடிகளும் செழிக்கின்றன. ஆயினும், பொறியை வாங்கி வைத்த அளவிலேயே எரு கிடைத்துவிடாது. இதனை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம்.

நகரத்தில் ஓர் இல்லம். அவ்வில்லத்தார் புதிய எருப்பொறி ஒன்றை வாங்கினர். அதன் உள்ளே ஓர் உருளை இருந்தது. உருளையினுள் துடுப்புப் போன்ற தகடுகள் மெல்லச் சுழன்று கழிவைக் கிளறின. சிறு விசிறி ஒன்று காற்றைச் செலுத்தியது. முதல் வாரத்தில் யாவரும் மகிழ்ந்தனர். மூன்றாம் வாரத்தில் பொறியைத் திறக்க ஒருவரும் துணியவில்லை. புளித்த நாற்றம் அடுக்களை முழுவதும் பரவியது. உள்ளே கழிவு சேறுபோல் குழைந்து கிடந்தது. பிறகு தகடுகளும் சுழலாமல் நின்றுவிட்டன.

“பாட்டி, பொறி பழுதாகிவிட்டது. கடைக்காரரை அழைத்து வருவதாக அப்பா சொல்லியிருக்கிறார்” என்றாள் பேத்தி.

“சற்றுப் பொறு, கண்ணே! வயிற்றுவலி என்று வருபவனிடம் வைத்தியர் முதலில் என்ன கேட்பார்? நேற்று என்ன உண்டாய் என்றுதானே கேட்பார்? நாமும் இதற்கு என்னென்ன ஊட்டினோம் என்று பார்ப்போம்” என்றார் பாட்டி.

மின்விசையை நிறுத்திவிட்டு இருவரும் உள்ளே நோக்கினர். புளித்துப்போன இட்லிமாவு ஒரு பாத்திரம் நிறைய ஒரே நாளில் கொட்டப்பட்டிருந்தது. பண்டிகையில் மிஞ்சிய சாம்பார்ச் சோறு ஒரு மூலையில் கட்டியாய்க் கிடந்தது. ஊறுகாய்க்கென உப்பில் ஊறிக் கெட்டுப்போன எலுமிச்சைத் துண்டுகள் அதன்மேல் இருந்தன. பூச்சரத்தின் நைலான் நூல் தகட்டின் அச்சில் பலமுறை சுற்றிக்கொண்டிருந்தது. உடைந்த கொட்டாங்கச்சித் துண்டு ஒன்று தகட்டிற்கும் உருளைக்கும் இடையே சிக்கியிருந்தது.

“சருகு ஒன்றுகூட இல்லையே, அம்மா?” என்று கேட்டார் பாட்டி.

“சருகா? வேப்பமரத்தடியில் உதிரும் சருகையெல்லாம் காவலாளி மாலையில் கொளுத்திவிடுவார், பாட்டி.”

“வேண்டிய உணவைக் கீழே எரிக்கிறார்கள், வேண்டாததை மேலே நாம் ஊட்டுகிறோம். பொறி என்ன செய்யும்?” என்றார் பாட்டி.

அன்றே நூலும் கொட்டாங்கச்சியும் அகற்றப்பட்டன. சோற்றுக் கட்டியும் மாவும் உப்பேறிய எலுமிச்சையும் எடுத்து விலக்கப்பட்டன. எஞ்சிய சேற்றில் நொறுக்கிய வேப்பஞ்சருகையும் தேங்காய் நார்த்தூளையும் கலந்து கிளறினர். மூன்று நாள் புதிய கழிவு எதையும் இடவில்லை. ஒரு வாரத்தில் நாற்றம் தணிந்தது. இரண்டு மாதங்களில் மழை நனைத்த மண்ணின் மணம் அப்பொறியிலிருந்து எழுந்தது. மாற்றப்பட்டது பொறியன்று, அதற்கு இடப்பட்ட உணவேயாகும்.

இதன் காரணத்தை அறிய, எரு எவ்வாறு உண்டாகின்றது என்பதை அறிதல் வேண்டும். கழிவை எருவாக்குவது பொறி அன்று. கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களே அத்தொழிலைச் செய்கின்றன. கிளறுதல், காற்றூட்டுதல், வேண்டுமிடத்து வெப்பமூட்டுதல் ஆகியவற்றால் பொறி அவற்றிற்குத் துணை செய்கின்றது. பெரிய எருக்குவியலில் நுண்ணுயிர்களின் உழைப்பினாலேயே வெப்பம் 60 பாகை சென்டிகிரேட் வரை உயரும். வீட்டுப் பொறியில் உள்ள கழிவு சிறிதாதலின் அவ்வெப்பம் நிலைப்பதில்லை. அதனால் சில பொறிகளில் மின்னால் வெப்பமூட்டும் அமைப்பு வைக்கப்பட்டுள்ளது. எனினும், நுண்ணுயிர்கள் உயிரோடிருந்து உழைக்க நான்கு பொருள்கள் வேண்டும். அவை கரிச்சத்து, தழைச்சத்து, நீர், காற்று என்பன.

கரிச்சத்து நுண்ணுயிர்களுக்கு ஆற்றல் தருவது. தழைச்சத்து அவற்றின் உடல் வளர்ச்சிக்கு உதவுவது. எடையளவில் ஒரு பங்கு தழைச்சத்திற்கு 25 முதல் 30 பங்கு வரை கரிச்சத்து இருக்குமாயின் அவை நன்கு தொழிற்படும். காய்கறிக் கழிவில் இவ்விகிதம் பொதுவாக 20-க்கும் குறைவு. சருகில் 40 முதல் 80 வரை இருக்கும். மரத்தூளிலோ 200-க்கும் மேற்பட்டிருக்கும். எனவே, பச்சைக் கழிவை மட்டும் இட்டால் மிகுதியான தழைச்சத்து அம்மோனியாவாக மாறி மூக்கைத் துளைக்கும். மரத்தூளை மட்டும் இட்டால் மட்குதல் நெடுங்காலம் தடைப்படும். இரண்டையும் அளவறிந்து கலத்தலே முறை.

நீரின் அளவும் அத்தகையதே. மட்குதற்குரிய கலவையில் 50 முதல் 60 விழுக்காடு வரை ஈரம் இருத்தல் நன்று. காய்கறிக் கழிவில் 85 விழுக்காடு நீர் உள்ளதாகக் கொண்டால், ஒரு கிலோகிராம் கழிவில் 850 கிராம் நீர் இருக்கும். 10 விழுக்காடு ஈரமுள்ள சருகு 600 கிராம் சேர்த்தால், அதனோடு 60 கிராம் நீர் வரும். இப்போது 1,600 கிராம் கலவையில் 910 கிராம் நீர் உள்ளது. அஃதாவது, ஈரம் ஏறத்தாழ 57 விழுக்காடாகக் குறைந்துவிடுகின்றது. வெப்பமூட்டும் பொறியில் நீரின் ஒரு பகுதி ஆவியாகிவிடும். ஆதலால் அதற்கு இத்துணைச் சருகு வேண்டுவதில்லை. கையால் சுழற்றும் பீப்பாய்க்கோ சருகு மிகுதியாக வேண்டும். நிறுத்துப் பார்க்க இயலாதவர் கலவையை ஒரு பிடி எடுத்துக் கையுறை அணிந்த கையால் இறுகப் பிழிந்து பார்க்கலாம். ஓரிரு துளி நீர் கசிந்தால் ஈரம் சரியாக உள்ளது. நீர் ஒழுகினால் சருகு போதாது. சிறிதும் கசியாமல் பிடி உதிர்ந்தால் சற்று நீர் தெளித்தல் வேண்டும்.

காற்றின் தேவையையும் மறத்தலாகாது. சோறும் மாவும் கட்டியாகத் திரளும்போது அவற்றினுள் பிராணவாயு புகுவதில்லை. காற்றை விரும்பும் நுண்ணுயிர்கள் அங்கே வாழ மாட்டா. காற்றின்றி வாழும் வேறு வகையின பெருகிப் புளிப்பையும் நாற்றத்தையும் உண்டாக்கும். நொறுங்கிய சருகு துண்டுகளுக்கிடையே இடைவெளி தந்து காற்றிற்கு வழி செய்கின்றது.

பல பொருள்களைக் கலந்து எருவாக்கும் இவ்வறிவு புதியதன்று. ஆல்பர்ட் ஹோவர்டு என்னும் ஆங்கிலேய வேளாண்மை அறிஞர் 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்து எருவாக்கும் முறைகளை ஆராய்ந்தார். கீழ்நாட்டு உழவர்களின் அனுபவத்தைப் போற்றிய அவர், பயிர்க்கழிவு, சாணம், மாட்டுச் சிறுநீர் ஊறிய மண், சாம்பல் முதலியவற்றை அடுக்கி, உரிய காலத்தில் புரட்டி எருவாக்கும் முறையை வகுத்தார். அது ‘இந்தூர் முறை’ எனப் பெயர் பெற்றது. யஷ்வந்த் வாட் என்னும் இந்திய அறிஞருடன் சேர்ந்து அவர் 1931-இல் அம்முறையை விளக்கி நூல் வெளியிட்டார். ஒரே வகைக் கழிவைக் குவிப்பதினும் பலவகைக் கழிவைக் கலப்பது நன்று என்பது அம்முறையின் அடிப்படை. குவியலுக்குப் பொருந்திய அவ்வுண்மை பொறிக்கும் பொருந்தும்.

இனி, எருப்பொறிக்கு இடத்தக்கவை எவை என்பதைக் காணலாம். பொருள்களை மூவகையாகப் பகுத்துக் கொள்ளுதல் எளிது.

முதல் வகை, தாராளமாக இடத்தக்கவை. காய்கறித் தோல், கீரைத்தண்டு, வாழைப்பழத் தோல், மாம்பழத் தோல், தேயிலைச் சக்கை, காப்பிச் சக்கை, வாடிய பூ, வாழையிலைத் துண்டு, நொறுக்கிய முட்டை ஓடு முதலியன இவ்வகையின. இவற்றுள் பெரியவற்றை இரண்டு விரற்கடை அளவிற்கு மேற்படாமல் நறுக்கி இடுதல் வேண்டும். பொருள் சிறிதாகும்போது நுண்ணுயிர்கள் பற்றும் பரப்பு மிகுகின்றது. உலர் பொருள்களாகிய சருகு, வைக்கோல், நார்த்தூள், சாயம் பூசாத மரத்தின் தூள், மினுமினுப்பற்ற காகிதத்தின் துண்டு ஆகியனவும் இவ்வகையைச் சேர்ந்தவையே. நார்த்தூளில் உப்புக் கலந்திருக்கக் கூடுமாதலின், அதனை நீரில் அலசிப் பிழிந்து உலர்த்திப் பயன்படுத்துதல் நன்று.

இரண்டாம் வகை, அளவோடு இடத்தக்கவை. சமைத்த உணவில் உப்பும் எண்ணெயும் உண்டு. உப்பு மிகுந்த எரு செடியின் வேரை வாட்டும். எண்ணெய் பொருளின்மேல் படர்ந்து காற்றைத் தடுக்கும். எலுமிச்சைத் தோலும் புளிச்சக்கையும் ஒரே நேரத்தில் மிகுதியாகச் சேர்ந்தால் புளிப்பேறும். சோறு, மாவு, ரொட்டி ஆகியவற்றை உதிர்த்துச் சருகோடு கலந்து சிறிது சிறிதாக இடலாம். சாம்பலை மிகுதியாக இட்டால் காரத்தன்மை ஏறித் தழைச்சத்து வாயுவாய் வெளியேறிவிடும். ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டா. மீனும் இறைச்சியும் ஈயையும் நாற்றத்தையும் வரவழைக்கும். பொறியுடன் வரும் குறிப்பேடு அவற்றிற்கு இடந்தந்தால் மட்டுமே, அதில் கூறிய அளவில் இடுதல் வேண்டும்.

மூன்றாம் வகை, ஒருபோதும் இடத்தகாதவை. கொட்டாங்கச்சி, மாங்கொட்டை, பெரிய எலும்பு ஆகியன இயற்கையில் மட்குவனவே. எனினும், அதற்கு நெடுங்காலம் வேண்டும். அதற்குள் அவை பொறியின் தகடுகளைச் சிதைத்துவிடும். நூல், தலைமயிர், நெடிய நார் ஆகியன அச்சில் சுற்றிக்கொள்ளும். பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகம், மின்கலம், மருந்து, பூச்சிக்கொல்லி ஆகியவற்றை இடலாகாது என்பதைச் சொல்லவே வேண்டுவதில்லை. நாய், பூனை முதலியவற்றின் மலமும் குழந்தையின் கழிவுத்துணியும் நோய்க்கிருமிகளைக் கொண்டவை. அக்கிருமிகளை அழிக்க வேண்டிய வெப்பம் சிறிய பொறியில் போதிய காலம் நிலைக்கும் என்று நம்புதற்கில்லை.

தோற்றத்தால் ஏமாற்றும் பொருள்கள் சிலவும் உள்ளன. காகிதக் குவளை காகிதமே போல் தோன்றும். அதன் உட்புறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். பழத்தின்மேல் ஒட்டிய சிறு வில்லையும் பெரும்பாலும் பிளாஸ்டிக்கே. தேயிலைப் பொட்டலங்கள் சிலவற்றிலும் பிளாஸ்டிக் இழை கலந்திருக்கும். ‘மட்கத்தக்கது’ என்று அச்சிடப்பட்ட பைகளுள் பல, பெரிய எருவாலைகளின் நீடித்த வெப்பத்தில் மட்குவன. வீட்டுப் பொறியில் அவை கந்தலாய்க் கிழியுமேயன்றி எருவாகா. இத்தகையவை நுண்துகளாகச் சிதைந்து எருவில் கலந்தால், பின்னர் அவற்றைப் பிரித்தெடுத்தல் அரிது. தொட்டி மண்ணில் ஒருமுறை சேர்ந்த பிளாஸ்டிக் துகள் அங்கேயே தங்கிவிடும்.

பொறி வாங்குவோர் மற்றொன்றையும் அறிதல் வேண்டும். சில பொறிகள் கழிவை வெப்பத்தால் உலர்த்தி அரைத்துச் சில மணி நேரத்தில் தூளாக்கித் தருகின்றன. கழிவின் பருமனைக் குறைக்க அவை பயன்படும். ஆனால், அத்தூள் முற்றிய எரு அன்று. உலர்ந்த கழிவே ஆகும். நீர் பட்டால் அது மீண்டும் அழுகத் தொடங்கும். அதனை மண்ணோடு கலந்து சில வாரங்கள் மட்கவிட்ட பின்னரே செடிக்கு இடலாம். விரைவு வேறு, முதிர்ச்சி வேறு.

முதிர்ந்த எருவை அறிதல் கடினமன்று. அது கருமை கலந்த பழுப்பு நிறமாய் உதிரியாக இருக்கும். இட்ட பொருள் இன்னதென்று அடையாளம் தெரியாது. கையில் வெப்பம் உணரப்படாது. மண்மணம் கமழும். ஐயமுற்றால், ஒரு பங்கு எருவோடு மூன்று பங்கு மண் கலந்து சிறிது வெந்தயத்தை விதைத்துப் பார்க்கலாம். முளைகள் செவ்வையாய் எழுந்தால் எரு முற்றிவிட்டது என்பது பொருள். முளைகள் கருகினால் இன்னும் சில வாரம் காத்திருத்தல் வேண்டும்.

2016-ஆம் ஆண்டில் இந்திய அரசு வெளியிட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள், ஈரக்கழிவு, உலர்கழிவு, தீங்கு விளைக்கும் வீட்டுக்கழிவு என மூன்றாகப் பிரித்து ஒப்படைத்தலை இல்லத்தாரின் கடமையாக்கின. பிரிக்காமல் எறியப்படும் குப்பையை இறுதியில் யாரேனும் ஒருவர் பிரித்தே ஆகவேண்டும். அழுகிய சோற்றிடையே கிடக்கும் உடைந்த கண்ணாடி, வைகறையில் தெருவிற்கு வரும் தூய்மைப் பணியாளரின் கையைக் கிழிக்கின்றது. அடுக்களையில் ஒரு நொடியில் முடிந்திருக்க வேண்டிய வேலை, தெருவில் ஒருவரின் குருதியைச் சிந்தச் செய்கின்றது.

பொறி கிளறும்; காற்றூட்டும்; வெப்பம் தரும். ஆனால், நல்லது இது, தீயது இது என்று அதற்குத் தெரிந்தெடுக்கத் தெரியாது. அவ்வறிவு மனிதருக்கே உரியது. மேற்கூறிய இல்லத்தில் இப்போது கழுவுதொட்டியின் அருகே மூன்று கலங்கள் உள்ளன. ஒன்று ஈரக்கழிவிற்கு, மற்றொன்று பொறிக்கு ஆகாதவற்றிற்கு, மூன்றாவதில் வேப்பஞ்சருகு நிறைந்திருக்கின்றது. மாலைதோறும் அச்சருகைக் கூட்டிக்கொண்டு வருபவள் பேத்தி. காவலாளி இப்போது சருகைக் கொளுத்துவதில்லை. சாளரத்தருகே தொட்டியில் நிற்கும் கறிவேப்பிலைச் செடி புதுத்தளிர் விட்டிருக்கின்றது.

பயிற்சி

1. பழங்காலத்து எருக்குழிக்குப் பொருள்களை ஆராய்ந்து இடும் தேவை பெரும்பாலும் ஏற்படாமைக்குக் காரணம் என்ன?
2. “வேண்டிய உணவைக் கீழே எரிக்கிறார்கள், வேண்டாததை மேலே நாம் ஊட்டுகிறோம்.” இக்கூற்றை இடஞ்சுட்டி விளக்குக.
3. பச்சைக் கழிவோடு சருகைக் கலப்பதால் விளையும் நன்மைகள் யாவை?
4. தோற்றத்தால் ஏமாற்றும் பொருள்கள் எவை? அவற்றை ஏன் விலக்குதல் வேண்டும்?
5. உன் இல்லத்தில் ஒரு நாள் சேரும் கழிவை மூவகையாகப் பகுத்து எழுதுக.